கராத்தேயில் தொடக்கநிலை மாணவர் ஒழுகலாறு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கராத்தே கற்கச் சேரும் ஒருவர் முதல் நாளில் குத்தவோ உதைக்கவோ கற்பதில்லை. காலணியை எங்கே கழற்றி வைப்பது, வாயிலில் எவ்வாறு வணங்குவது, வரிசையில் எந்த இடத்தில் நிற்பது, அமரும்போது எந்த முழங்காலை முதலில் ஊன்றுவது என்பனவே அவருக்கு முதலில் கற்பிக்கப்படுகின்றன. தாமதமாக வருபவர் வாயிலருகே மண்டியிட்டு ஆசிரியரின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டும். நகங்களை வெட்டியிருக்க வேண்டும். அணிகலன்களைக் களைந்திருக்க வேண்டும். இடைப்பட்டையைச் சரிசெய்ய நேரின் கூடத்தின் முன்புறத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கூடத்துக்குக் கூடம் சிறு வேறுபாடுகள் இருப்பினும், உலகின் பெரும்பாலான கராத்தேக் கூடங்களில் இவ்விதிகளின் சாயலைக் காணலாம்.

இவற்றுக்குக் காரணம் கேட்கும் மாணவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை, இது தொன்றுதொட்டு வரும் மரபு என்பதாகும். தம் ஆசிரியரின் ஆசிரியரும் இவ்வாறே செய்தார் என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை எனக் கருதுவோரும் உளர். ஆயினும், மரபு என்ற சொல்லை வரலாற்று மாணவர் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. எரிக் ஹாப்ஸ்பாம், டெரன்ஸ் ரேஞ்சர் ஆகிய இருவரும் 1983ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட ஆய்வுநூல், மிகப் பழமையானவையாகத் தோன்றும் சடங்குகள் பல, அண்மைக் காலத் தேவைகளுக்காக உருவாக்கப்பட்டவை என்பதைச் சான்றுகளுடன் நிறுவியது. அந்நோக்கில் கராத்தேயின் தொடக்கநிலை ஒழுகலாற்றைப் பகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வொழுகலாறு ஒரே காலத்தில் ஓரிடத்தில் தோன்றியதன்று. ஒகினாவாவின் தனிமனித உறவு, மெய்ஜி காலப் பள்ளியும் படையும், தோக்கியோவின் புடோ இயக்கம் என்னும் மூன்று அடுக்குகளால் ஆனது என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து.

சொல்லும் தொன்மமும்

முதலில் இந்தியவியல் துறையினர் எதிர்கொள்ள வேண்டிய ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. கராத்தேயைக் காஞ்சிபுரத்துப் போதிதருமர் சீனத்துக்குக் கொண்டுசென்ற கலையின் வழித்தோன்றலாகக் கருதும் போக்கு தமிழர்களிடையே பரவலாக உள்ளது. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அக்கருத்துக்கு மேலும் வலுவூட்டியது. ஆனால், சான்றுகள் இதற்கு இடந்தரவில்லை. போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனக் குறிப்பு 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவராகக் கூறுகிறது. தென்னிந்திய அரசகுலத்தவர் என்னும் செய்தி அதற்கடுத்து வந்த நூல்களில் இடம்பெறுகிறது. அவரை ஷாவோலின் மடத்தின் உடற்பயிற்சியோடு இணைக்கும் கதையோ, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டுப் பழைய நூலாகக் காட்டப்பட்ட ஒரு நூலை அடிப்படையாகக் கொண்டது. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதன் போலித்தன்மையை எடுத்துக்காட்டினார்.

ஒகினாவாவின் கராத்தே ஆசான் இதோசு ஆன்கோ 1908இல் எழுதிய பத்துக் கூற்றுகள் அடங்கிய மடலின் தொடக்கத்திலேயே, இக்கலை கன்பூசியத்திலிருந்தோ பௌத்தத்திலிருந்தோ தோன்றியதன்று எனத் தெளிவுபடுத்தியுள்ளமையும் இங்கு நினைக்கத்தக்கது.

எனினும், இந்தியத் தொடர்பு முற்றிலும் இல்லை என்றும் கூறுவதற்கில்லை. அது ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் 'டோஜோ' என்னும் ஜப்பானியச் சொல், புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் 'போதிமண்ட' என்னும் வடசொல்லின் சீன மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. சீனத்தில் வழிபாட்டிடத்தைக் குறித்து, ஜப்பானில் மடங்களின் தியான மண்டபத்தைக் குறித்து, பின்னர் வாட்பயிற்சிக் கூடங்களுக்குப் பெயராகி, இறுதியில் கராத்தேக் கூடத்தை அடைந்தது அச்சொல். வாயிலில் வணங்கி நுழைய வேண்டும் என்ற உணர்வுக்கு அச்சொல்லின் புனிதச் சாயல் துணைசெய்திருக்கலாம். அதனினும் மிகுதியாக உரிமை கொண்டாடுவது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது.

வணக்கத்தைக் குறிக்கும் 'ரெய்' என்னும் சொல்லும் இத்தகைய வரலாறு உடையதே. சீனத்தில் 'லி' என வழங்கும் இச்சொல், முதலில் தெய்வங்களுக்கும் முன்னோர்க்கும் செய்யும் சடங்கைக் குறித்தது. கன்பூசியச் சிந்தனையில் அது மனிதர்க்கிடையேயான ஒழுங்குமுறை அனைத்தையும் தழுவும் சொல்லாக விரிந்தது. அரசனுக்குக் குடிகள் காட்ட வேண்டிய 'லி' இருப்பதுபோல், குடிகளிடம் அரசன் கடைப்பிடிக்க வேண்டிய 'லி'யும் உண்டு. இந்த இருவழித்தன்மை பின்னர் நாம் காணப்போகும் மாற்றங்களை மதிப்பிடுவதற்கு அளவுகோலாக அமைகிறது.

ஒகினாவாவின் பழைய முறை

ரியூக்யு என்னும் தனியரசாக விளங்கிய ஒகினாவாத் தீவுகள் 1609இல் ஜப்பானின் சத்சுமா ஆட்சியாளரின் படையெடுப்புக்கு உள்ளாயின. அரசு தொடர்ந்தபோதிலும் அதன் தற்சார்பு குறைந்தது. 1879இல் அரசு ஒழிக்கப்பட்டு ஒகினாவா ஜப்பானின் ஒரு மாவட்டமாக்கப்பட்டது. 'தே' என்றும் 'தோதே' என்றும் வழங்கிய கைப்போர்க்கலை இக்காலமெல்லாம் ஷுரி, நாஹா, தொமாரி ஆகிய ஊர்களில் தனிப்பட்ட முறையில் கற்பிக்கப்பட்டு வந்தது.

அக்காலத்தில் ஒரு மாணவர் எவ்வாறு சேர்ந்தார் என்பதை ஃபுனாகோஷி கிச்சின் (1868–1957) தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்றால் அறியலாம். ஷுரியைச் சார்ந்த அவர் இளமையில் நோஞ்சானாக இருந்தவர். அவருடைய தொடக்கப்பள்ளித் தோழர் ஒருவரின் தந்தையே கராத்தே வல்லுநரான அசாதோ ஆன்கோ. அவ்வறிமுகமே அவருக்கு வாயிலைத் திறந்தது. பயிற்சி இரவில், ஆசிரியரின் வீட்டு முற்றத்தில் நடந்தது. ஆசிரியர் விளக்கொளியில் திண்ணைபோன்ற மேடையில் அமர்ந்திருக்க, மாணவர் மண்தரையில் ஒரே கட்டாவை மீண்டும் மீண்டும் செய்தார். நிறைவாகச் செய்தாலன்றி அடுத்த கட்டாவுக்குச் செல்ல இசைவில்லை. பாராட்டு மிக அரிதாகவே கிட்டியது. விடியுமுன் வீடு திரும்பும் இளைஞரைக் கண்ட அக்கம்பக்கத்தார், அவர் தகாத இடங்களுக்குச் சென்று வருவதாக ஐயுற்றனர் என்பதையும் அவர் நகைச்சுவையுடன் பதிவு செய்துள்ளார். ஒரு கட்டாவுக்கு மூன்றாண்டு என்ற கணக்கில் மூன்று கட்டாக்களைக் கற்கவே ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது.

நாஹா மரபிலும் நிலைமை இதையொத்ததே. சீனத்தின் ஃபூச்சோ நகரில் பயின்று திரும்பிய ஹிகாவோன்னா கன்ரியோவிடம் (1853–1915), மியாகி சோஜுன் (1888–1953) 1902இல் தம் பதினான்காம் வயதில் மாணவரானார். அக்காலத்தில் புதியவர் தண்ணீர் சுமந்தும் முற்றம் பெருக்கியும் தம் பொறுமையை மெய்ப்பித்த பின்னரே கலையைக் கற்கத் தொடங்கினார் என்றும், 'சான்சின்' என்னும் ஒரே கட்டாவில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்டார் என்றும் அம்மரபினரின் வாய்மொழிச் செய்திகள் கூறுகின்றன.

இச்செய்திகளை இன்றைய ஒழுகலாற்றோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. ஒருவரோ இருவரோ மட்டுமே பயின்ற முற்றத்தில் தகுதிவரிசையில் நிற்க வேண்டிய தேவை எழவில்லை. மண்தரையில் பயின்றோர்க்கு மரப்பலகைத் தரையில் மண்டியிட்டமரும் விரிவான முறைகள் பொருந்தா. தனிச் சீருடையும் இல்லை. நாள்தோறும் உடுத்த உடையிலோ, அதைக் களைந்து சுருக்கமாக உடுத்தோ பயின்றனர். பட்டையும் இல்லை, படிநிலையும் இல்லை. அக்காலத்து ஒழுகலாறு நுழைவிலேயே அடங்கியிருந்தது எனலாம். யாரை ஏற்பது என்பதை ஆசிரியர் நெடுநாள் நோக்கி முடிவு செய்தார். ஏற்றபின் அவருடைய வாழ்க்கைக்கும் ஒழுக்கத்துக்கும் பொறுப்பேற்றார். மாணவரின் பணிவுக்கு ஈடாக ஆசிரியரின் கடமை நின்றது.

பள்ளியும் படையும்

இந்நிலையை மாற்றியது பள்ளிக்கூடம். இதோசு ஆன்கோ 1901இல் ஷுரியின் தொடக்கப்பள்ளியில் கராத்தேயை அறிமுகப்படுத்தினார். 1905இல் அது மாவட்ட நடுநிலைப் பள்ளிக்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கும் பரவியது. ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்றிருந்த கலை, ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பு என்றாயிற்று. சிறுவர்க்கு ஏற்ப 'பினான்' என்னும் ஐந்து எளிய கட்டாக்களை இதோசு உருவாக்கினார். எண்ணிக்கைக்கேற்ப அனைவரும் ஒருசேர அசையும் பயிற்சி முறையும் இச்சூழலிலேயே வேரூன்றியது.

இம்மாற்றத்தின் பின்னணியில் மெய்ஜி அரசின் கல்விக் கொள்கை நின்றது. கல்வி அமைச்சர் மோரி அரினோரி 1886இல் படைமுறை உடற்பயிற்சியைப் பள்ளிகளில் புகுத்தினார். 1890இல் வெளியிடப்பட்ட கல்வி பற்றிய பேரரசர் ஆணை, மாணவரின் பணிவைப் பேரரசர்பால் கொள்ளும் பற்றோடு இணைத்தது. 1898இல் ஒகினாவாவில் கட்டாயப் படைச்சேவை நடைமுறைக்கு வந்தது. 1908ஆம் ஆண்டு மடலில், கராத்தே பயின்ற சிறுவர் பிற்காலத்தில் படைக்குப் பயன்படுவர் என இதோசு வாதிட்டார். அதற்குத் துணையாக, வாட்டர்லூ வெற்றியைப் பள்ளி விளையாட்டிடத்தோடு இணைத்து வெல்லிங்டன் கோமகன் கூறியதாக வழங்கும் கருத்தையும் சுட்டினார். ஒகினாவாவின் முதிய ஆசான் ஆங்கிலேயப் படைத்தலைவரைச் சான்றாகக் காட்டும் இவ்விடம், கராத்தே எவ்வளவு விரைவாக நவீன உலகின் மொழியைப் பேசத் தொடங்கியது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இதோசுவின் மாணவரும் 1894–95 சீன–ஜப்பானியப் போரில் பணியாற்றியவருமான யாபு கென்சு (1866–1937), ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கராத்தேயும் படைப்பயிற்சியும் கற்பித்தார். அவரை மக்கள் 'சார்ஜன்ட்' என்ற பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தனர். வரிசையில் நிற்றல், கட்டளைக்கு உரத்து விடையிறுத்தல், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வகையான முறைமைகளைக் கடைப்பிடித்தல் ஆகியவை அவர் வழியாகக் கராத்தேக்குள் வந்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இங்கு மற்றொரு சான்றையும் நோக்கலாம். இன்று பல கூடங்களில் பயிற்சியின் முடிவில் மாணவர்கள் ஐந்து நெறிகளை உரத்து ஓதுகின்றனர். ஒவ்வொரு நெறியும் 'ஒன்று' என்றே தொடங்கும். இரண்டு, மூன்று என எண்ணப்படுவதில்லை. எல்லா நெறிகளும் சம மதிப்புடையவை என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். இந்நெறிகளை 18ஆம் நூற்றாண்டு ஆசான் ஒருவர் இயற்றினார் என்ற கூற்றுக்கு உறுதியான சான்றில்லை. ஆனால், இவ்வடிவத்தை மெய்ஜி அரசின் ஆவணங்களில் காணலாம். 1868ஆம் ஆண்டின் ஐந்து கூற்று உறுதிமொழியும், 1882இல் படைவீரர்க்கு விடுக்கப்பட்ட பேரரசர் ஆணையும் இதே முறையில் எழுதப்பட்டவை. பின்னதன் ஐந்து கூற்றுகளில் இரண்டாவது, படைவீரர் கடைப்பிடிக்க வேண்டிய 'ரெய்கி', அதாவது மரியாதை ஒழுங்கு பற்றியதாகும். கராத்தே மாணவர் பயிலும் அதே சொல் அது.

தோக்கியோவும் புடோவும்

மூன்றாம் அடுக்கு ஜப்பானின் தலைநகரில் சேர்ந்தது. 1922இல் கல்வி அமைச்சின் ஆதரவில் தோக்கியோவில் நடந்த உடற்கல்விக் கண்காட்சியில் ஃபுனாகோஷி கராத்தேயை விளக்கிக் காட்டினார். அதனையடுத்து ஜூடோவின் நிறுவநர் கானோ ஜிகோரோ (1860–1938) தம் கோடோகானில் செய்து காட்டுமாறு அவரை அழைத்தார். இச்சந்திப்பின் விளைவு பெரிது.

கானோ 1882இல் ஒரு பௌத்தக் கோயிலின் அறைகளில் கோடோகானைத் தொடங்கியவர். அங்குச் சேர்ந்தோர் ஐந்து கூற்றுகள் கொண்ட உறுதிமொழியில் ஒப்பமிட்டனர். தக்க காரணமின்றிப் பயிற்சியை விடுவதில்லை, கூடத்தின் பெயருக்கு இழுக்குத் தேடுவதில்லை, இசைவின்றிப் பிறர்க்குக் கற்பிப்பதில்லை என்பன அவற்றுள் சில. 1883இல் அவர் முதல் 'டான்' தகுதிகளை வழங்கினார். சில ஆண்டுகளில் கறுப்புப் பட்டை வழக்கத்துக்கு வந்தது. ஃபுனாகோஷி இவ்வமைப்பை ஏற்று 1924இல் தம் மாணவர் சிலருக்கு முதன்முறையாக டான் தகுதி அளித்தார். வெள்ளைச் சீருடையும் ஜூடோ உடையை ஒட்டியே அமைந்தது. வண்ணப் பட்டைகளோ 1930களில் ஐரோப்பிய ஜூடோ வழியாகப் பரவியவை. தொடக்கநிலை மாணவரின் வெள்ளைப் பட்டை துவைக்கப்படாமலே அழுக்கேறிக் கறுப்பாயிற்று என மாணவர்க்குச் சொல்லப்படும் கதைக்கு வரலாற்று அடிப்படை இல்லை.

1895இல் கியோத்தோவில் தொடங்கப்பெற்ற 'தாய் நிப்பொன் புதோகு காய்' என்னும் பேரவை, நாட்டின் போர்க்கலைகளை ஒருமுகப்படுத்தி வந்தது. 1919இல் அது போர்த்திறன் என்னும் பொருளுடைய பெயருக்கு மாற்றாக, போர்நெறி என்னும் பொருள்படும் 'புடோ' என்ற பெயரை ஏற்றது. 1933இல் கராத்தே அதன் ஏற்பைப் பெற்றது. 1936 அக்டோபர் 25ஆம் நாள் நாஹாவில் நாளிதழ் ஒன்றின் ஏற்பாட்டில் கூடிய ஆசான்கள், 'சீனக் கை' என்ற பழைய எழுத்தைக் கைவிட்டு 'வெறுங்கை' என்ற எழுத்தை ஏற்க இசைந்தனர். ஹனாஷிரோ சோமோ 1905லேயே இவ்வெழுத்தைப் பயன்படுத்தியிருந்தார் எனினும், சீனத்தோடு பகைமை முற்றிய 1930களில்தான் அது பொதுவழக்காயிற்று.

புடோவின் ஏற்புக்கு ஈடாகப் புடோவின் ஒழுகலாறும் வந்து சேர்ந்தது. கூடத்தின் முன்புறமாகிய 'ஷோமென்' நோக்கி வணங்குதல், கண்மூடி அமைதி காக்கும் 'மொகுசோ', தகுதிவரிசையில் மண்டியிட்டமரும் 'செய்ஸா' ஆகியவை இதனுள் அடங்கும். 1930களில் பள்ளிப் பயிற்சிக் கூடங்களில் ஷிந்தோ மாடம் அமைப்பது அரசின் ஊக்கத்தோடு பரவியதால், முன்புற வணக்கம் சமயச் சாயலையும் அரசியல் சாயலையும் ஒருங்கே பெற்றது.

இவற்றுள் ஒரு சிறு விதி நம் கருத்துக்கு வலுவான சான்றாகிறது. மண்டியிடும்போது இடக்காலை முதலில் மடக்க வேண்டும்; எழும்போது வலக்காலை முதலில் ஊன்ற வேண்டும். இடப்பக்கத்தில் செருகிய வாளை எந்நேரமும் உருவ ஏதுவாக இருப்பதற்காகவே இம்முறை என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். வெறுங்கை எனப் பெயர் பூண்ட ஒரு கலையின் மாணவர், இல்லாத வாளுக்காக இடமுழங்காலை முதலில் ஊன்றுகிறார். ஒகினாவாவின் முற்றத்தில் பிறந்த கலை, ஜப்பானிய வாள்வீரரின் கூடத்தில் அமரக் கற்றுக்கொண்டதை இவ்வொரு விதியே உணர்த்திவிடுகிறது.

பல்கலைக்கழகங்களும் இதில் பங்கேற்றன. 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கராத்தேக் கழகத்தைத் தொடர்ந்து பிற பல்கலைக்கழகங்களிலும் கழகங்கள் தோன்றின. மூத்த மாணவர் 'சென்பாய்' எனவும் இளையவர் 'கோஹாய்' எனவும் பிரிக்கப்பட்ட அக்கழகங்களில், ஒகினாவாவில் ஆசிரியரிடம் இருந்த அதிகாரம் ஓராண்டு மூத்தவரிடமும் சென்று சேர்ந்தது. ஆசிரியர் தாங்கிய பொறுப்பு அவ்வாறே உடன்சென்றது எனச் சொல்ல இயலாது. ஃபுனாகோஷி 1938இல் அச்சேறிய தம் இருபது நெறிகளுள் முதலாவதாக, கராத்தேயின் தொடக்கமும் முடிவும் 'ரெய்' என்பதை மறவாதிருக்கப் பணித்ததையும், அடுத்த நெறியில் முதல் தாக்குதலை விலக்கியதையும் இச்சூழலில் வைத்தே நாம் படிக்க வேண்டும். வலிமை பெற்றவரின் கையைக் கட்டுவதே அவர் கருதிய வணக்கத்தின் பயன்.

வணக்கத்தின் இருண்ட பக்கம்

பள்ளி, படை, புடோ ஆகிய மூன்றும் இணைந்ததன் விளைவை 1945இல் ஒகினாவா அனுபவித்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒகினாவா மக்கள் மாண்டனர். பள்ளி மாணவர்கள் 'இரும்பும் குருதியும்' என்னும் பெயர்கொண்ட படைப்பிரிவில் சேர்க்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். இதோசு 1905இல் கராத்தேயை அறிமுகப்படுத்திய நடுநிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் அவ்வாறு மாணவரை அனுப்பிய பள்ளிகளுள் அடங்கும். இதற்குக் கராத்தேயே காரணம் எனக் கூறுவது பிழையாகும். ஆயினும், கேள்வியின்றிப் பணியப் பழக்கும் ஒழுகலாறு யார் கையில் சிக்கினாலும் அவருக்குப் பயன்படும் என்பதை மறுக்க இயலாது.

இவ்வுண்மையை மலாயாவும் சிங்கப்பூரும் வேறொரு வகையில் அறிந்தன. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆதிக்கக் காலத்தில், காவற்படைவீரரைக் கடந்து செல்வோர் நின்று குனிந்து வணங்க வேண்டியிருந்தது. வணங்கத் தவறியவர்க்கும், வணக்கம் போதிய தாழ்வாக இல்லாதவர்க்கும் கன்னத்தில் அறை விழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் காலையில் வரிசையாக நின்று தோக்கியோவின் அரண்மனை இருந்த திசை நோக்கி வணங்கினர். தோட்டப்புறங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அத்தலைமுறையினர்க்கு ஜப்பானிய முறை வணக்கம் என்பது அச்சத்தின் மறுபெயராகவே இருந்தது.

போருக்குப் பின் ஜப்பானில் அமெரிக்க ஆட்சியர் பள்ளிகளில் போர்க்கலைகளைத் தடை செய்தனர். 1949இல் ஜப்பான் கராத்தேச் சங்கம் உருவாகி, கராத்தே மீண்டும் தழைத்து, பிற நாடுகளுக்கும் பரவலாயிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது வேர்விட்டது. மலேசிய அணிகளில் இந்திய வம்சாவளியினர் தொடர்ந்து இடம்பெற்று அனைத்துலகப் போட்டிகளில் பதக்கம் வென்றுள்ளனர். இவ்வாறாக, தாத்தா அடிக்கஞ்சிச் செய்த வணக்கத்தைப் பேரப்பிள்ளை விரும்பிச் செய்யும் நிலை உருவாயிற்று. உடலசைவு ஏறத்தாழ ஒன்றே. பொருள் முற்றிலும் வேறு. அவ்வேறுபாட்டுக்கான காரணத்தைக் கண்டறிவதே நம் ஆய்வின் பயன் எனலாம்.

அக்காரணம் இரு கூறுகளைக் கொண்டது. ஒன்று, விருப்பம். கராத்தே மாணவர் தாமே வந்து வணங்குகிறார்; எப்போது வேண்டுமாயினும் வெளியேறும் உரிமை அவருக்குண்டு. மற்றொன்று, எதிர்வணக்கம். காவற்படைவீரர் திரும்ப வணங்கியதில்லை. பயிற்சிக் கூடத்தில் ஆசிரியரும் மாணவரை நோக்கித் தலைதாழ்த்துகிறார். பயிற்சி இணையர் ஒருவரையொருவர் வணங்குகின்றனர். தம் உடலை மற்றவரின் குத்துக்கும் உதைக்கும் ஒப்படைக்கும் இருவர், தீங்கு செய்யமாட்டோம் எனத் தந்துகொள்ளும் வாக்கு அது. நகம் வெட்டுதல், அணிகலன் களைதல் போன்ற எளிய விதிகளும் அவ்வாக்கின் பகுதிகளே.

இவ்விரு கூறுகளும் நீங்கினால் கூடத்து வணக்கமும் வெறும் அடக்குமுறையாகத் திரியும். இது கற்பனையான அச்சமன்று. ஜப்பானில் ஜூடோ பெண்கள் அணியில் பயிற்றுநர் தாக்கியமை 2013இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, விளையாட்டுத் துறையில் வன்முறையை ஒழிப்பதற்கான பிரகடனம் ஒன்றை அந்நாட்டு விளையாட்டு அமைப்புகள் அவ்வாண்டே கூட்டாக வெளியிட நேர்ந்தது. அதற்கு முந்தைய 2012ஆம் ஆண்டில்தான், மரபையும் மரியாதையையும் வளர்க்கும் நோக்கோடு புடோ அந்நாட்டின் நடுநிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கப்பட்டிருந்தது. வணக்கம் கற்பிக்கப்படுவதாலேயே மதிப்பு வளர்ந்துவிடாது என்பதை இவ்விரு நிகழ்வுகளின் அண்மை எடுத்துக்காட்டுகிறது.

முடிவுரை

கராத்தேயில் தொடக்கநிலை மாணவர் கற்கும் ஒழுகலாற்றின் பெரும்பகுதி, 1901க்கும் 1940க்கும் இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் உருப்பெற்றது என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. வரிசை பள்ளியிலிருந்தும் படையிலிருந்தும் வந்தது. சீருடையும் பட்டையும் ஜூடோவிலிருந்து வந்தன. மண்டியிடும் முறை வாட்கூடத்தின் சாயலுடையது. இதனால் அவ்விதிகள் மதிப்பிழந்துவிடுவதில்லை. பழமை ஒன்றையே காரணமாகக் காட்டி அவற்றைக் கேள்விக்கு அப்பாற்பட்டவையாக ஆக்குவதற்கு இனி இடமில்லை என்பதே இதன் பொருள்.

உண்மையில் பழமையானது எது எனக் கேட்டால், ஷுரியின் முற்றத்தில் இரவு நேரத்தில் அமர்ந்திருந்த ஆசிரியரின் பொறுமையைச் சுட்டலாம். ஊதியமோ புகழோ கருதாது, ஒரே மாணவர் ஒரே கட்டாவை ஆண்டுக்கணக்கில் செய்வதை அவர் விழித்திருந்து நோக்கினார். மாணவரின் பணிவு அக்கவனத்துக்குத் தந்த மறுமொழியாகும். ஆகவே, புதிதாகச் சேரும் மாணவரிடம் இவ்விதிகளை எதிர்பார்க்கும் பயிற்றுநர், அவற்றின் மறுபாதியாகிய தம் கடமையையும் அதே நாளில் ஏற்றுக்கொள்கிறார். புதிய மாணவரும் அவர்தம் பெற்றோரும் ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுக்கையில், மாணவர் எவ்வளவு தாழ்ந்து வணங்குகின்றனர் என்பதைக் காட்டிலும், ஆசிரியர் எவ்வாறு திரும்ப வணங்குகிறார் என்பதை நோக்குவது தக்கது.